பழைய ஹால் திருப்பணி நிறைவு: சங்க உறுப்பினர்களுக்கு அறிக்கை

அன்புள்ள அக்காமாருக்கும் தங்கைமாருக்கும்,

பாளையங்கோட்டையில் நாம் படித்த பள்ளியின் பழைய ஹால் வேலை முடிந்துவிட்டது. கூரை இனி ஒழுகாது. நமக்கு முன்னால் படித்துப் பேர் எடுத்தவர்களின் படங்களும் வாழ்க்கைக் குறிப்புகளும் மூன்று சுவர்களில் ஏறியிருக்கின்றன.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. அப்போதுதான் ஹால் ஒழுகி, அலமாரியில் இருந்த பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர்கள் நனைந்தன. தாளுக்குத் தாள் செய்தித்தாள் வைத்து, ஃபேன் காற்றில் உலர்த்தினோம். உலர்த்தும்போது ஒவ்வொரு பெயராகப் படித்தோம். படங்கள் வைக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

கூரைக்கு சிமெண்ட் பூசினால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் சுண்ணாம்புக் கட்டடத்தின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, மர உத்தரங்களை உளுக்க வைத்துவிடும். அதனால் பழைய முறையிலேயே கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டு சுண்ணாம்பு குழைத்து, மரக்கட்டையால் தளம் அடித்து, மேலே தட்டை ஓடு பதித்தோம். சொன்ன தேதி தள்ளிப்போனது இதனால்தான். பொறுத்துக்கொண்ட எல்லாருக்கும் நன்றி.

முதல் பலகை இந்த ஊரில் பெண்களின் படிப்போடு சேர்த்து நினைக்கப்படுகிறவர்களுக்கு. 1785-இல் பிரதிஷ்டையான கிறிஸ்தவ ஆலயத்தைக் கட்டிய, பிராமணக் குடும்பத்தில் பிறந்த க்ளாரிந்தா அதில் இருக்கிறார். அந்த ஆலயத்தை ஊர் இன்னும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறது. பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கிய ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாதோருக்குத் தொடங்கிய ஸ்வெயின்சன் அம்மையாரும் இருக்கிறார்கள். 1895-இல் இங்கே தொடங்கிய பெண்கள் கல்லூரி தாங்கி நிற்கும் பெயருக்குரிய சாரா டக்கர், இங்கிலாந்தில் நோயாளியாக இருந்தவர். இந்த ஊரைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

மற்ற பலகைகள் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. அவர்களைத் தேடியதுதான் பெரிய பாடு. ரிஜிஸ்டரில் இருப்பது தகப்பனார் இனிஷியல். கல்யாணம் ஆனதும் கணவர் இனிஷியல் வந்துவிடுகிறது, ஊரும் மாறிவிடுகிறது. டாக்டரான ஒரு அக்காவைக் கண்டுபிடிக்க அவருடைய அண்ணன் பெயரை வைத்து வீடு வீடாக விசாரிக்க வேண்டியிருந்தது. இன்னொருவர் நர்ஸாகக் கடல் கடந்து போனவர். அவர் வீட்டில் கிடைத்த ஒரே படம், யாருடைய கல்யாணத்திலோ ஓரமாக நிற்கும் படம்.

யாரை வைப்பது என்பதில் குழுவுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. டாக்டர், வக்கீல், தலைமை ஆசிரியை போதும் என்றார்கள் சிலர். அப்புறம் செம்மணல் தேரிக்காட்டு ஓரம் ஓராசிரியர் பள்ளியில் காலமெல்லாம் அகரம் எழுத வைத்த டீச்சரை எங்கே வைப்பது? அவரிடம் படித்த பனையேறி வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர் படத்தை வாசலுக்கு நேரே வைத்தோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறோம்.

தளம் அடித்துக்கொண்டிருந்த சித்தாள் அக்கா ஒருநாள் கீழே இறங்கி வந்து, "எங்க அம்மாவும் இங்கதான் படிச்சா, பேரு இருக்குமா?" என்று கேட்டார். தேடினோம். இருந்தது. எட்டாம் வகுப்பு. விலகிய காரணம்: திருமணம். அந்த வரியின் மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். வாசித்துக் காட்டச் சொல்லி இரண்டாம் முறையும் கேட்டார்.

அன்று சாயங்காலமே குழு கூடியது. படத்துக்குத் தேர்ந்தவர்கள் ஒருபுறம் இருக்கட்டும், ரிஜிஸ்டரில் உள்ள எல்லாப் பெயரையும் நான்காவது சுவரில் எழுதுவது என்று முடிவானது. அந்தக் காரணம் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறது என்று பக்கம் புரட்டியவர்களுக்குத் தெரியும். மை கரைந்துபோன வரிகளுக்கு இடம் விட்டிருக்கிறோம்.

வரவு செலவுக் கணக்கைச் சங்கத்தின் தணிக்கையாளர் சரிபார்த்துவிட்டார். அலுவலகத்தில் யாரும் பார்க்கலாம். மீதிப் பணத்தை அந்தச் சுவருக்கே வைத்திருக்கிறோம். பழைய குரூப் போட்டோ வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்து அன்றைக்கே கையில் தந்துவிடுவோம். படத்தில் நிற்பவர்களின் பெயர் தெரிந்தால், கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலோடு எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு,
பழைய மாணவியர் சங்கம்