'ஒண்ணா, ரெண்டா?': தகவல் பாதுகாப்புப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தகவல் பாதுகாப்புப் பிரிவினருக்கு,

வணக்கம். என் கணினிகளுக்கு ஒரு கண் கருவியும் ஒரு மென்பொருளும் கேட்டு நான் போட்ட நான்காவது டிக்கெட்டையும் (கோரிக்கையையும்) 'பாதுகாப்புக் காரணங்களால் நிராகரிக்கப்பட்டது' என்று மூடிவிட்டீர்கள். ஐந்தாவதைப் போட மனமில்லை. அதனால் இந்த மடல்.

என் மேசையையும் தசைச் சிதைவு மிச்சம் வைத்த என் இரண்டு விரல்களையும் நீங்கள் அறிவீர்கள். நிரல் எழுத ஒரு கணினி, சோதிக்க ஒன்று. இரண்டுக்கும் தனித்தனித் திரை. இருந்த இடத்திலேயே பந்தை உருட்டி இயக்கும் மவுஸான டிராக்பால் மட்டும் ஒன்றே. எழுத்துகளையும் திரைக் கீபோர்டில் அதைக் கொண்டுதான் சொடுக்குகிறேன். டிராக்பால் எந்தக் கணினிக்குப் பேச வேண்டும் என்று தீர்மானிப்பது மேசையின் பின்விளிம்பில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டி. என் கை அங்கே எட்டாது.

போன வியாழன் இரவு மென்பொருள் ரிலீஸ். பதினொன்றே காலுக்குச் சோதனைக் கணினியில் சிவப்பாக ஒரு பிழைச் செய்தி. ஒரு சொடுக்கில் தீரக்கூடியது. டிராக்பாலோ இன்னொரு கணினியில். கீபோர்டின் ஸ்க்ரோல் லாக் விசையை இருமுறை தட்டினாலும் பெட்டி மாறும் என்று பதில் எழுதியிருந்தீர்கள். உண்மைதான், ஆனால் அது தன்னில் செருகிய கீபோர்டை மட்டுமே கேட்கும். திரைக் கீபோர்டில் நான் அழுத்தும் ஸ்க்ரோல் லாக் விண்டோஸுக்குள்ளேயே பிறந்து அங்கேயே அடங்கிவிடுகிறது. தளத்தில் யாரும் இல்லை. செக்யூரிட்டி அண்ணன் ரவுண்டு வரும்வரை நாற்பது நிமிடம் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வந்தவர் வழக்கம்போல், "ஒண்ணா, ரெண்டா தம்பி?" என்றார். ரெண்டு என்றேன். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்ப ஒன்றுக்கு மாற்ற அவரையே கூப்பிட வேண்டியிருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான்: எந்தத் திரையைப் பார்க்கிறேனோ அந்தக் கணினிக்கு டிராக்பால் போகட்டும்.

இது ஆராய்ச்சிக்கூடச் சமாச்சாரம் இல்லை. கண்ணால் இயக்கும் வசதியை விண்டோஸ் 2017லேயே கொடுத்துவிட்டது. ஒரே மவுஸைப் பல கணினிகளுக்குப் பகிரும் 'மவுஸ் விதவுட் பார்டர்ஸ்', 2023 முதல் விண்டோஸுக்கான கருவித்தொகுப்பான பவர்டாய்ஸுக்குள்ளேயே வருகிறது. இரண்டும் நாம் லைசென்ஸ் வாங்கும் அதே மைக்ரோசாஃப்டின் சரக்கு. கண் எங்கே பார்க்கிறது என்று கணிக்கும் ஐ டிராக்கரின் குறி ஒரு டிகிரி தவறினால், அறுபது சென்டிமீட்டர் தூரத்தில் அது ஒரு சென்டிமீட்டர். சின்னப் பொத்தானை அழுத்த அது போதாமல் போகலாம். இடத்திரையா வலத்திரையா என்று சொல்லத் தாராளம். பகிர்ந்தாலே போதுமே, சுட்டியை விளிம்பு தாண்டி உருட்டிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். இரண்டு அகலத் திரைகளைக் கடக்க எனக்குப் பதினைந்து உருட்டல். மாலையில் விரல் நின்றுவிடுகிறது.

அழுத்தும் விசைகள் நெட்வொர்க்கில் போகும் என்ற உங்கள் கவலை நியாயமானது. அதனால்தான் மறையாக்கம் உள்ள மென்பொருளையே கேட்டேன். ஒன்றில் நகலெடுத்ததை மற்றொன்றில் ஒட்டும் கிளிப்போர்டு பகிர்வை அணைத்துவிடவும் சம்மதித்தேன். இரண்டு கணினிகளும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றன. வீட்டில் இரண்டு மடிக்கணினிகளில் 'இன்புட் லீப்' என்ற பகிர்வு மென்பொருளைப் போட்டு இதைச் செய்து வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள் என்று மூன்று முறை அழைத்தேன்.

கண்ணைப் பார்க்கும் கேமரா ஆபத்து என்கிறீர்கள். தினமும் காலையில் வாசலில் என் முகத்தைப் பிடித்து வருகை போடும் கேமரா மட்டும் எப்படித் தேறியது? டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள் போஸ்டருக்கு என் படம் எடுத்த கேமராவுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? அன்று ஊதா நிறத்தில் கேக் வெட்டினோம். நன்றாகவே இருந்தது. ஒரு துண்டை ஊட்டிவிடவும் ஆள் இருந்தார்கள். பொத்தானை அழுத்தத்தான் ஆள் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி நம் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதில் 'உதவிக் கருவிகள்' என்ற சொல் இருக்கிறது. அது கேக்கைக் குறிக்காது என்று நம்புகிறேன்.

மன்னியுங்கள், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். தயவுசெய்து பார்க்கும் திரைக்கு டிராக்பால் போகும்படி ஒரு ஐ டிராக்கரையும் பகிர்வு மென்பொருளையும் என் இரண்டு கணினிகளுக்கு மட்டும் அனுமதியுங்கள். ஒரு மாதச் சோதனையாக இருந்தாலும் சரி. உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்காணித்தாலும் சரி. அந்த ஒரு மாதம் பொத்தானை அழுத்தவாவது ஆள் கிடைப்பார்.

அடுத்த ரிலீஸ் வரும் திங்கள் இரவு. அன்று செக்யூரிட்டி அண்ணனுக்கு விடுப்பு.

பணிவுடன்,
மூன்றாம் தளம், ஜன்னலோர மேசை