தூக்குமரமும் ஜனாதிபதியின் பேனாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போதைப்பொருள் கடத்துபவர்களை உடனே தூக்கில் போட வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்கும் உண்டு. ஐஸ் என்ற போதைப்பொருள் எங்கள் ஊர்ப் பாடசாலை வாசல்வரை வந்துவிட்டது. ஆனால் இலங்கையில் தூக்குத்தண்டனை கடந்து வந்த பாதையைப் பார்த்தால், அவர் கேட்கும் நீதி அந்த வழியால் வராது.

1956இல் பதவிக்கு வந்த பண்டாரநாயக்க அரசாங்கம் தூக்கிலிடுவதை நிறுத்தியது. 1958இல் சட்டமும் வந்தது. மூன்று வருடத்துக்கு மட்டும், ஒரு பரிசோதனையாக. நோர்வல் மொறிஸ் என்ற பேராசிரியரின் தலைமையில் ஆராய்ந்த ஆணைக்குழுவும் நிறுத்தம் தொடரட்டும் என்றே சொன்னது. 1959 செப்டெம்பரில் பண்டாரநாயக்கவே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள், அவருக்குப் பின் வந்த தஹநாயக்க அரசாங்கம் தூக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. ஏற்கெனவே நடந்துவிட்ட கொலைக்கும் பொருந்தும்படி சட்டத்தை எழுதிக்கொண்டது. சுட்ட சோமராம தேரர் 1962 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். சதியின் சூத்திரதாரியான புத்தரக்கித்த தேரரோ மேன்முறையீட்டில் ஆயுள் தண்டனையோடு தப்பினார். அவசரத்தில் எழுதிய சட்டம் கொலைச் சதியை முன்திகதியிட்டுச் சேர்க்கத் தவறிவிட்டதுதான் காரணம். கோபத்தில் செய்யும் சட்டத்தின் இலட்சணம் அது.

கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் 23ஆம் திகதி, வெலிக்கடையில். அதன் பிறகும் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்துக்கொண்டுதான் இருக்கின்றன, நிறைவேற்றுவதில்லை, அவ்வளவுதான். இடையில் அலுகோசு, அதாவது தூக்கிலிடுபவர், வேலைக்கு ஆள் தேடிய கதையும் உண்டு. 2014இல் அந்த வேலைக்குச் சேர்ந்தவர் தூக்குமேடையைக் கண்ணால் பார்த்ததும் அதிர்ந்துபோய் விலகிவிட்டார். 2019இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன காலத்தில் மறுபடி விளம்பரம் போட்டார்கள், நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். ஜூனில் நான்கு பேரைத் தூக்கிலிடத் தான் கையெழுத்திட்டுவிட்டதாக அவர் அறிவித்தார். ஜூலையில் உயர் நீதிமன்றம் தடுத்தது.

சரி, அதே பேனா பதவி முடியும் தறுவாயில் என்ன செய்தது? ரோயல் பார்க் குடியிருப்பில் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பொதுமன்னிப்பு எழுதியது.

யாழ்ப்பாணத்து மிருசுவில் படுகொலையைச் சொல்லாமல் விட முடியாது. 2000 டிசம்பரில், யுத்தத்தால் இடம்பெயர்ந்து, தங்கள் வீடுகளைப் பார்க்கப் போன எட்டுப் பேர், அதில் ஐந்து வயதுக் குழந்தையும் ஒன்று, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2015இல் இராணுவச் சார்ஜன்ட் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், ஊரே கொரோனா ஊரடங்கில் முடங்கியிருந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவரை மன்னித்து விடுதலை செய்தார். அவரைத் தூக்கிலிட்டிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சிறையில் இருந்திருக்க வேண்டும், அவ்வளவே. அடுத்த வருடம், கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கும் மன்னிப்புக் கிடைத்தது. அதை 2024இல் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது.

தூக்குக் கயிறும் சிறைக் கதவும் ஜனாதிபதி என்ற ஒரே ஆளின் கையில் இருக்கும்வரை, மேலிடத்துத் தொடர்பு இல்லாதவனுக்குக் கயிறு, உள்ளவனுக்குக் கதவு. 2 கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனை விதிக்கலாம் என்று 1984இலிருந்தே சட்டம் இருக்கிறது. 2022இல் 5 கிராம் ஐஸையும் சேர்த்தார்கள். அதில் அகப்படுபவர்கள் பெரும்பாலும் கைமாற்றி விற்கும் ஏழைகள்தான்.

ஆகவே தண்டனைச் சட்டக்கோவையிலிருந்தும் போதைப்பொருள் சட்டத்திலிருந்தும் மரண தண்டனையைப் பாராளுமன்றம் அடியோடு எடுத்துவிட வேண்டும். வெறும் இடைநிறுத்தம் எத்தனை மாதம் தாங்கும் என்பதை 1959இலேயே பார்த்துவிட்டோம். அதன் இடத்தில், குறைந்தது இத்தனை வருடம் என்று நிர்ணயித்த ஆயுள் தண்டனை வரட்டும். கொலைக் குற்றவாளிக்கு மன்னிப்பு வழங்குமுன் கொல்லப்பட்டவரின் குடும்பத்தைக் கேட்கவேண்டும், காரணத்தை வர்த்தமானியில் போடவேண்டும் என்ற விதியும் கூடவே வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சாவகச்சேரி.