பாதி டேங்குக்கு அப்புறம்

கோத்தகிரி

கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். ஐப்பசி மழை நாலு நாளாக விடவில்லை, பட்டறை வாசல் முழுக்கச் சேறு. போனிலேயே சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தாலே நீ "அதெல்லாம் பாத்துட்டேன்ப்பா" என்று குறுக்கே வருவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

உன் ரிமோட் விமானத்தின் குட்டி ஜெட் இன்ஜின் வானத்தில் மூன்று தடவை அணைந்ததே, அதற்கு நீ அனுப்பிய கிராஃப் மூன்றையும் டானிங்டன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்து வந்து சமையலறை மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். ஒரு ஓரத்தில் சாம்பார்க் கறை, அது அம்மா வேலை. உன் ஜெட்டைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நீ நினைத்தால் அது நியாயம்தான். நான் தேயிலை லாரியும் ஜீப்பும் பார்த்தவன். சும்மா ஐடிலில் நிற்கும்போதே நிமிஷத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல், முழு வேகத்தில் 1,00,000-ஐத் தாண்டும் என்று நீ முதலில் சொன்னபோது ஒரு சைபர் கூடப் போட்டுவிட்டாய் என்றுதான் நினைத்தேன். ஆனால் எண்ணெய் வராமல் அணைகிற தீ எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தாளைப் பார். சுற்றுக்கு ஒரு கோடு, பின்னால் வரும் புகையின் வெப்பத்துக்கு ஒரு கோடு, பம்புக்குப் போகும் வோல்ட்டுக்கு ஒரு கோடு. மூன்று தடவையும் ஒரே கதைதான். சுற்றும் வெப்பமும் கைகோத்துக்கொண்டு சரிகின்றன, பம்ப் கோடு மட்டும் மேலே ஏறுகிறது. "சுற்று குறையுதே, ஊத்து, இன்னும் ஊத்து" என்று இன்ஜினை நடத்துகிற ஈசியு, அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர், பம்பை விரட்டுகிறது. பம்பும் ஓடுகிறது. எண்ணெய்தான் போய்ச் சேரவில்லை. ரிமோட் சிக்னல் விட்டுப்போய், அப்போது இன்ஜினைத் தானே நிறுத்துகிற ஃபெயில்சேஃப் அணைத்திருந்தால் பம்ப் கோடுதான் முதலில் விழுந்திருக்கும். பேட்டரி படுத்திருந்தாலும் அப்படித்தான். சென்சார் கோளாறு என்றால் சுற்றுக் கோடு மட்டும் கத்தரித்த மாதிரி சைபருக்கு வந்திருக்கும், வெப்பம் இருந்த இடத்திலேயே நின்றிருக்கும். அத்தனை வேகத்தில் சுற்றுகிற ரோட்டர் கண் இமைப்பதற்குள் நிற்குமா? பேரிங் இறுகியிருந்தால் சுற்று தளரத் தளர வெப்பம் ஏறியிருக்கும். உன் தாளில் இதில் எதுவும் இல்லை.

பம்பை மாற்று என்று கிளப்பில் சொன்னார்கள், மாற்றினாய். ஃபில்டர் மாற்றினாய், பேட்டரி மாற்றினாய். இரண்டாவது தடவை நின்றதே புதுப் பம்போடுதான். இதற்காக உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. நானும் இதே வேலையைப் பார்த்தவன்தான்.

உனக்கு அப்போது ஆறு வயசு இருக்கும். ஒரு எஸ்டேட் லாரி. தேயிலை மூட்டையோடு மேட்டுப்பாளையம் இறங்கும்வரை ஒரு குறையும் இருக்காது. திரும்பி ஏறும்போது குஞ்சப்பனை தாண்டியதும் மூச்சு வாங்கி நின்றுவிடும். டிரைவர் அண்ணன் இறங்கி, டீசலைக் கையால் ஏற்றுகிற பிரைமரை அடித்து, ஃபில்டர் பக்கம் போல்ட்டைத் தளர்த்துவார். நுரை நுரையாக டீசல் வரும். ஸ்டார்ட் ஆகும், அடுத்த மேட்டில் மறுபடி நிற்கும். ஏர் எடுக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கே எடுக்கிறது? டேங்கிலிருந்து, டீசலை இழுக்கிற ஃபீட் பம்ப் வரை லைனை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஈரம் இல்லை என்பதால் லைன் சரி என்று முடிவு கட்டினேன். அங்கேதான் கோட்டை விட்டேன். பம்பைத் தாண்டிய பக்கம் ஓட்டை என்றால் டீசல் வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும். பம்புக்கு முந்தின பக்கம் உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் சொட்டாது. காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வெளியே காய்ந்தே இருக்கும்.

ஃபீட் பம்ப் மாற்றினேன், வாஷரெல்லாம் மாற்றினேன். மறுபடி நின்றபோது டிரைவர் அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார்: "டேங்க் ஃபுல்லா இருக்கறப்ப இது நிக்கறதே இல்லீங்க." அதை அவர் முதல் நாளே சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. டேங்கை இறக்கினோம். உள்ளே இறங்குகிற உறிஞ்சு குழாயின் நடுவில், நகத்தால் வருடினால்தான் தட்டுப்படும் ஒரு கீறல். டீசல் அதற்கு மேலே நிற்கும்வரை கீறலும் டீசலைத்தான் உறிஞ்சும். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று. அந்த ஃபீட் பம்புக்கு நான் காசு வாங்கவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது, அதனால் கடிதத்தை ஒட்டித்தான் வைப்பேன்.

இப்போது உன் தாளில் நேரத்தைப் பார். கிளம்பி ஐந்தரை நிமிஷம், ஐந்தே முக்கால், மறுபடி ஐந்தரை. உன் டேங்க் இரண்டரை லிட்டர். மூன்று தடவையும் ஏறக்குறைய பாதி தீர்ந்த பிறகுதான் நின்றிருக்கிறது. தரையில் கட்டிவைத்து ஓட்டினால் நிற்பதே இல்லை என்றாயே, ஒவ்வொரு தடவையும் டேங்கை நிரப்பிவிட்டு இரண்டு நிமிஷம்தானே ஓட்டினாய்? அது எப்படி நிற்கும்?

பம்புக்கு முன்னால் காற்றைப் பிடித்துவைக்கும் குட்டி டேங்க் இருக்கிறதே என்பாய். அது நல்ல காவல்காரன்தான். ஆனால் கீறல் வழியாகக் காற்று வந்துகொண்டே இருந்தால் அவனும் எவ்வளவைத்தான் மடியில் கட்டிக்கொள்வான்? நல்லபடியாக இறங்கின நாளிலும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார். மேலே காற்று நின்றால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. நிற்பதெல்லாம் விமானம் வேகமாக ஒரு தடவை பறந்து தாண்டிவிட்டு, த்ராட்டிலை இறக்கித் திரும்பும்போதுதான். வேகத்தில் நிற்காமல் நிதானத்தில் ஏன் நிற்கிறது? ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். முழு வேகத்தில் மூன்று நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது என்றால் வினாடிக்கு ஐந்தரை மில்லி. ஐடிலில் அதில் கால்வாசி என்று வை. குமிழ் ஒரே அளவுதான். வேகத்தில் அது ஒரு விக்கல் மாதிரி ஓடிவிடும். மெதுவாகப் போகும்போது அதே குமிழ் கடக்க நாலு மடங்கு நேரம் ஆகும், தீ அதுவரை காத்திருக்காது. நம் வீட்டு பம்ப் ஸ்டவ்வில் ரேஷன் கடை நீலச் சீமெண்ணெய் தீர்ந்துவரும்போது பக்பக்கென்று துள்ளுமே, நீ கைதட்டிச் சிரிப்பாய். உன் இன்ஜினுக்குள்ளும் எண்ணெயைச் சூட்டிலேயே ஆவியாக்குகிற குழாய்கள் இருக்கின்றன என்று படம் காட்டினபோது எனக்கு அந்த ஸ்டவ்தான் ஞாபகம் வந்தது. ஸ்டவ்வில் துள்ளினாலும் மறுபடி பற்றிக்கொள்ளும். உன் இன்ஜினுக்குள் அடிக்கிற காற்றில் ஒரு தடவை போனால் போனதுதான்.

செய்ய வேண்டியது இதுதான். டேங்குக்குள் தொங்கும் குழாயை, அதன் முனையில் இருக்கும் க்ளங்க் குண்டோடு வெளியே எடு. குண்டைக் கழற்றி அந்த முனையை விரலால் அடை. மறுமுனையில் மருந்துக்கடை சிரிஞ்சை மாட்டி, கிண்ணத்து மண்ணெண்ணெயில் முக்கிக்கொண்டு மெதுவாகத் தள்ளு. சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர் பார்க்கிற மாதிரிதான். குழாயை நேராக வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதே, வளைத்தும் முறுக்கியும் பார். சில கீறல் வளைத்தால்தான் வாய் திறக்கும். மூடியை ஒட்டி, பித்தளைக் குழாயில் மாட்டியிருக்கும் இடத்தை நன்றாகப் பார். குண்டு ஆடுகிற ஆட்டமெல்லாம் போய்ச் சேருகிற இடம் அதுதான். குழாய் விறைத்து மஞ்சளாகியிருந்தால் கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடு. பிறகு டேங்கில் பாதி மட்டும் ஊற்றித் தரையில் ஓட்டிப் பார், வானத்தில் வேண்டாம். டேங்குக்குக் காற்று வரும் வழி அடைத்திருக்கிறதா என்றும் ஒரு கண் போடு. ஆனால் அது அடைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் பாதியில்தான் நிற்பேன் என்று சபதம் போட்டுக்கொண்டு நிற்காது.

மக்காச்சோளக் காட்டில் விழுந்த வீடியோவை அம்மா இரண்டு தடவை பார்த்தாள், நான் ஒரு தடவைதான். விமானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தீயைப் பார்க்கணும் என்று தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினாயே, எனக்கு அது போதும். அது கார்பன் டை ஆக்சைடு என்று அதன் ஊதுகுழலைப் பார்த்தே தெரிந்தது. பவுடரென்றால் தீயோடு இன்ஜினையும் சேர்த்து முடித்திருக்கும்.

மார்கழியில் வரும்போது இன்ஜினைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டாய். எண்ணெய் குடித்த இன்ஜினைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ளாதே. இங்கே ஓட்டிப் பார்க்கவும் தோதுப்படாது. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே வைத்த எண்ணெய்க் கணக்கு இங்கே மிஞ்சிப்போய் வெப்பம் ஏறும். பழைய லாரி மேட்டில் கரும்புகை கக்குவதைப் பார்த்து வளர்ந்தவள்தானே நீ.

அந்தக் குழாயை மட்டும் கொண்டு வா. நன்றாகக் கழுவிக் காயவைத்து ஒரு கவரில் போட்டுக்கொள். கீறல் நான் சொன்ன இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்கணும். அங்கே இல்லாவிட்டாலும் கொண்டு வா.

அப்பா