உன் டப்பா பத்திரமாக இருக்கிறது

அன்புள்ள அமுதாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எப்போது போன் செய்தாலும் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "தூங்குறா அத்தை" என்கிறார். மணி ஏழுதான் ஆகியிருக்கும். சரி, வேலை அலுப்பு இருக்கும். வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

போன ஞாயிறு தம்பி மகளை நம் புதுச்சேரி பாரதி பூங்கா பக்கத்து மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். அரிக்கமேட்டு மண்ணில் கிடைத்த பழங்காலப் பாசிமணிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைவிட்டு நகரமாட்டேன் என்றாள். "இத்துனூண்டு மணியில எப்படி ஆயா ஓட்டை போட்டாங்க?" என்று கேட்டாள். ஓட்டை போடவே இல்லை, கண்ணாடியை உருக்கி உள்ளே துளையோடு மெல்லிய குழாயாக இழுப்பார்கள், ஆறினதும் பொடிப்பொடியாக நறுக்கி மறுபடி சூடு காட்டுவார்கள், விளிம்பு மழுங்கி உருண்டுவிடும் என்றேன். பக்கத்தில் நின்றவர்கூட நான் டீச்சரா என்று கேட்டார். என் மகள் சொல்லிக்கொடுத்தது என்றேன். ரோமன் ரோலண்ட் நூலகத்தில் படித்துவிட்டு வந்து, பிசைந்த சோறு கையில் காய்ந்துபோகும்வரை நீ சொல்லிக்கொண்டே இருப்பாய், நான் சாப்பிடு சாப்பிடு என்று கத்திக்கொண்டே இருப்பேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன், பார்.

மழை விட்டதும் அரிக்கமேடு இருக்கும் காக்காயந்தோப்புக்கு ஓடுவாயே, ஞாபகம் இருக்கிறதா? ஆற்றங்கரை மாந்தோப்பில் மண் அரித்த இடத்தில் கண் வைத்துக் குனிந்தபடியே நடப்பாய். ஈரக் கையில் மணி ஒட்டிக்கொண்டு வரும், கேழ்வரகு அளவுக்கு. செங்கல் சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று, எப்போதாவது நீலம். தாத்தாவின் மூக்குப்பொடி டப்பாவைக் கழுவி அதில் போட்டு வைத்தாய். அது பீரோவில் என் புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. இப்போது அங்கே உடைந்த பானை ஓடு ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது, எடுத்தால் குற்றம். அப்போது நமக்கு அதெல்லாம் தெரியாது.

1937-ல் துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரருக்கு அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்ததே நம் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிய கல்லும் மணியும்தானாம். அதில் ஒரு கல்லில் ரோம் ராஜா அகஸ்டஸின் தலை செதுக்கியிருந்ததாகச் சொன்னார்கள். அப்புறம்தான் 1945-ல் தொல்லியல் துறையின் பெரிய துரை வீலர் வந்து தோண்டினார். "பெரிய துரைக்கு முன்னாடியே சின்னப் பிள்ளைங்கதாம்மா கண்டுபிடிச்சாங்க" என்று நீ சொன்னபோது உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தமிழி என்ற அந்தக் காலத்துத் தமிழ் எழுத்தில் உன் பெயரை நோட்டு லேபிளில் எழுதி, பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கி வந்த அன்றும் அதே முகம்தான்.

அப்பா இன்ஜினியரிங் என்றார், நீயும் சரி என்றாய். உன் சம்பளத்தில்தான் மாடி எழும்பியது, தம்பி படித்தான். அதை யாரிடம் சொல்லவும் எனக்கு அலுத்ததில்லை. ஆனால் இவ்வளவும் செய்த பெண்ணுக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லையே. நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன்.

2024-ல் பண்ருட்டிப் பக்கம் மருங்கூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்ததாகப் பேப்பரில் வந்ததை வெட்டி வைத்திருக்கிறேன். நம் பெரியம்மா வீட்டுக்குப் போகிற வழி என்று நினைத்துக்கொள். வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கல்வெட்டு வாசிக்க வயதுக் கணக்கு உண்டா என்ன? ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கோவில்களுக்குப் போய்க் கல்வெட்டு படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். தமிழி எழுத்து உனக்கு மறந்திருக்காது, சைக்கிள் மாதிரிதானே அது. மறந்திருந்தாலும் உன் பழைய நோட்டு இங்கே இருக்கிறது. நீ கண் விழித்துப் படித்ததெல்லாம் பரீட்சைக்காக மட்டும் இல்லை. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அவளுக்கு ஏழு மணிக்குத் தூக்கம் வராது.

நாலு நாள் லீவு போட்டுவிட்டு வா. லேப்டாப் வேண்டாம். மாப்பிள்ளைக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை, நீ மட்டும் வா. தம்பி மகள் உன்னோடுதான் அரிக்கமேடு பார்ப்பேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். அந்த வளைவுச் சுவர்களைக் காட்டி நான் எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவேன். நீ வந்து சொல். வஞ்சிரம் விலை ஏறித்தான் கிடக்கிறது, இருந்தாலும் வாங்கி வைக்கிறேன். என்ன ஏது என்று உன்னை ஒன்றும் கேட்கக் கூடாது என்று அப்பாவிடமும் சொல்லி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அம்மா