தீவன மூட்டையில் யூரியாவின் அளவையும் அச்சிடுங்கள்

பெங்களூரில் மாட்டுத் தீவனம் தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும்,

வணக்கம். ஈஜிபுரா, நீலசந்திரா பக்கத்துச் சந்துகளில் நாலைந்து கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கிற தமிழ்க் குடும்பங்களை உங்களுக்குத் தெரியும். உங்களிடம்தான் மாதாமாதம் மூட்டை எடுக்கிறோம். எங்கள் வீடும் அதில் ஒன்று. மூட்டையில் ‘புரதம் 20 சதவீதம்’ என்று போடுகிறீர்களே, அதில் யூரியா எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

தீவனத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஆக, நூறு கிலோ கலவையில் ஒரு கிலோ யூரியா விழுந்தாலே புரதக் கணக்கு கிட்டத்தட்ட மூன்று சதவீதம் ஏறிவிடும். பிண்ணாக்கில் வந்த இருபதும் யூரியா கலந்து வந்த இருபதும் மூட்டை மேல் ஒரே எண்தான்.

யூரியாவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக உடைத்து, அந்த நைட்ரஜனில் தங்கள் உடம்பை வளர்த்துக்கொள்கின்றன. பிறகு அவையே குடலுக்குப் போய்ச் செரித்து மாட்டுக்குப் புரதமாகின்றன. ஆனால் அப்படி வளர, அதே நேரத்தில் அவற்றுக்கு மாவுச்சத்தோ வெல்லப்பாகோ கிடைக்க வேண்டும். யூரியா ஒரு மணி நேரத்துக்குள் உடைந்துவிடும். கேழ்வரகுத் தட்டையின் நார் மெதுவாகத்தான் செரிக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் மிச்ச அம்மோனியா ரத்தத்தில் ஏறி, ஈரலில் திரும்ப யூரியாவாகி, பெரும்பாலும் மூத்திரத்தில் போகிறது. நாங்கள் கொடுத்த காசும் அதோடு போகிறது. அளவு மிஞ்சி, ஈரலாலும் சமாளிக்க முடியாமல் போனால் உடம்பு நடுங்கும், வாயில் நுரை தள்ளும், வயிறு உப்பும். டாக்டர் வருவதற்குள் மாடு விழுந்துவிடலாம்.

எங்கள் தொழுவத்தின் நிலைமையையும் பாருங்கள். மார்க்கெட்டில் கழித்த கோஸ் இலையும் காலிஃபிளவர் தழையும் தினமும் போடுகிறோம். அவற்றின் நைட்ரஜனில் பெரும்பகுதி வயிற்றில் சீக்கிரம் கரைந்து, யூரியா போலவே அம்மோனியாவாகக் கூடியது. பால் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தொட்டியில் தனியாக ஒரு பிடி யூரியா போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மூட்டைக்குள் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆறு மாதம் ஆகாத கன்றுக்கு யூரியா ஆகவே ஆகாது. ஆனால் அம்மாவின் தொட்டியில் வாய் வைக்காத கன்று எங்கே இருக்கிறது?

இன்னொன்று. இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால்தான் மாட்டுக்கு யூரியா பழகும். நீங்களோ ஒரு கம்பெனி சரக்கு தீர்ந்தால் வேறொன்றை எடுத்துக் கொடுக்கிறீர்கள். போன மழைக்காலத்தில் எங்களுக்கு வந்த மூட்டையைப் பிரித்ததும் மூக்கில் நெடி அடித்தது. உள்ளே கட்டி கட்டியாக இருந்தது. உடைத்துப் பார்த்தால் வெள்ளை மணிகள். அம்மா அதை மாட்டுக்கு வைக்கவில்லை. கடையில் கேட்டதற்கு, “மழை ஈரம்மா, வேற ஒண்ணுமில்ல” என்றார்கள்.

எழுதச் சொல்வது பெரிய வேலை இல்லை. யூரியா எத்தனை சதவீதம், எந்த வயதுக் கன்றுக்குக் கூடாது, எத்தனை நாளில் பழக்க வேண்டும். இந்த மூன்று வரி போதும். கன்னடத்திலும் தமிழிலும் போடுங்கள். கணக்கில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு, கால்நடை ஊட்டச்சத்துக்கென்றே 1995 இல் தொடங்கிய தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இதே ஊரில், ஆடுகோடியில் இருக்கிறது. அச்சிட்ட மூட்டை வரும்வரை, கடைக்காரர்களாவது எந்தச் சரக்கில் யூரியா இருக்கிறது என்று கேட்டுவைத்து, வாங்க வருகிறவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஈஜிபுராவில் மாடு வளர்க்கும் வீட்டுப் பெண்