வாள்வீச்சு வீடியோக்கள் பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சென்ற வாரம் ஒரு தாய் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு நேரே என் அலுவலகத்துக்கு வந்தார். கையில், கொழுந்து பறிக்கும்போது செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு, இரண்டாக முறிந்து. "பாருங்க சேர், வாள் விளையாட்டாம்!" என்றார். விசாரித்தால், தரம் 8 பிள்ளைகள் சிலர் ஃபோனில் வாள்வீச்சுப் போட்டிகளைப் பார்த்துவிட்டு, இடைவேளையில் கம்பும் குடையுமாக இறங்கியிருக்கிறார்கள்.

கம்புகளை வாங்கி வைத்துவிட்டேன். வீடியோ பார்க்காதே என்று சொல்லத்தான் மனம் வரவில்லை. நம் பாடசாலையில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சரி, ஒழுங்காகப் பார்க்கட்டும்.

தேடுவதிலேயே சிக்கல் இருக்கிறது. வாள்வீச்சின் ஆங்கிலப் பெயரான 'ஃபென்சிங்' என்று மட்டும் போட்டால் கம்பிவேலி அடிக்கிற வீடியோக்களும் வருகின்றன. நானே ஒருவர் தூண் நடுவதைப் பத்து நிமிடம் பார்த்தேன், நன்றாகத்தான் நட்டார். தமிழில் 'வாள் சண்டை' என்றால் சினிமா. அதனால் ஆயுதத்தின் பெயரையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்: ஃபாயில், எப்பே, சேபர். ஃபாயிலில் வாள் முனையால் உடம்பின் நடுப்பகுதியில் குத்தினால்தான் புள்ளி. எப்பேயில் தலை முதல் கால் வரை எங்கே குத்தினாலும் புள்ளி. சேபரில் இடுப்புக்கு மேலே மட்டும், ஆனால் வெட்டும் செல்லும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு எப்பேதான் சுலபம் என்பது என் எண்ணம். முதலில் தொட்டவருக்குப் புள்ளி, ஒரே நேரத்தில் பட்டால் இருவருக்கும். மற்ற இரண்டிலும் அப்படிப் பட்டால் தாக்கும் உரிமை யாருடையது என்று நடுவர் பார்ப்பார். அது பிடிபட நாளாகும்.

சர்வதேச வாள்வீச்சுச் சம்மேளனத்தின் யூடியூப் சேனலில் பெரிய போட்டிகள் இருக்கின்றன. சென்னைப் பெண் பவானி தேவியின் சேபர் ஆட்டங்களையும் தேடிப் பார்க்கலாம். ஒலிம்பிக்கில் வாள்வீச்சு ஆடிய முதல் இந்தியர் அவர். 2021இல் டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்றார், அடுத்ததில் 7-15 என்று தோற்றார். தொடக்கத்தில் அவர் மூங்கில் கம்பில் பழகியவர் என்று காலைக் கூட்டத்தில் சொல்லித் தொலைத்தேன். "அப்ப எங்க கம்பு, சேர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அவருக்குப் பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தார் என்றேன். அப்புறம் விளாதிமிர் ஸ்மிர்னோவ் கதையையும் சொன்னேன். 1980 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் வீரர். 1982இல் ரோமில் எதிராளியின் வாள் முறிந்து, முகக்கவசத்தைத் துளைத்து உள்ளே போனது. சில நாளில் இறந்துவிட்டார். அதன் பிறகுதான் கவசங்களையும் உடைகளையும் இன்னும் உறுதியாகச் செய்தார்கள். கவசம் போட்டவருக்கே அந்தக் கதி என்றால், வெறும் முகத்துக்கு நேரே கம்பை நீட்டுவதை நான் எப்படி விட முடியும்?

ஆகவே வீட்டில் கால் பயிற்சி மட்டும். முன்கால் எதிராளியைப் பார்க்க, பின்கால் அதற்குக் குறுக்காக, முழங்கால் இரண்டும் மடங்கியிருக்க வேண்டும். அப்படியே முன்னே இரண்டடி, பின்னே இரண்டடி. போட்டித் தடம் 14 மீட்டர் நீளம், அதிகம் போனால் 2 மீட்டர் அகலம். லயத்து வாசலே போதும், மழையில் வழுக்காத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேட்டா செலவை நினைத்து, வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை விட்ட பின் ஒரு மணி நேரம் பெரிய திரையில் போட்டுக் காட்டப் போகிறோம். தூரத்துத் தோட்டப் பிள்ளைகள் கடைசி பஸ்ஸுக்கு முன் அனுப்பப்படுவார்கள். சம்மதமென்றால் பிள்ளையின் கொப்பியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

என் அலுவலகத்தில் இன்னும் மூன்று மட்டக்கம்புகளும் கைப்பிடி இல்லாத ஒரு குடையும் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
அதிபர்