புலியா பண்ணைவீடுகள்: போகுமுன் கவனிக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

தெற்கு இத்தாலியின் புலியா பகுதிக்குப் போகிறவர்கள், விருந்தினர் தங்கும் பண்ணைவீடான ‘அக்ரிதுரிஸ்மோ’வை ஓட்டல் என்று எண்ணிவிடக் கூடாது. 2006ஆம் ஆண்டின் 96ஆம் எண் சட்டப்படி அங்கே விவசாயமே முதன்மைத் தொழில். விருந்தினரைத் தங்கவைப்பது அதற்குத் துணைதான். வரவேற்பு மேசையில் எப்போதும் ஆள் இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். வந்துசேரும் நேரத்தை முன்பே தெரிவித்துவிட வேண்டும்.

இரவுச் சாப்பாடு பெரும்பாலும் எட்டு மணிக்கு மேல்தான். அதையும் காலையிலேயே சொல்லிவைப்பது நல்லது. சைவர்கள் ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் மட்டும் போதாது. டர்னிப் கீரை சேர்த்த ஒரெக்கியெத்தே பாஸ்தாவில் நெத்திலி போடும் வழக்கம் உண்டு. எண்ணெயில் கரைந்துவிடுவதால் கண்ணுக்கும் தெரியாது! மீனும் கூடாதென்று தனியே சொல்ல வேண்டும். தோல் நீக்கிய ஃபாவா பயற்று மசியலும் சிக்கரிக் கீரையும் நம் நாக்குக்கு ஒத்துவரும்.

பேருந்தை நம்ப முடியாது. ஞாயிறன்று இன்னும் மோசம். வாடகைக் காருக்கு இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் தேவை. புறப்படுமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிவிடலாம். பழைய நகர மையங்களில் அனுமதியில்லாத வண்டிகள் நுழையக் கூடாத பகுதியைக் குறிக்கும் ‘இசட்.டி.எல்.’ பலகையைத் தாண்டினால் கேமரா வண்டி எண்ணைப் பிடித்துவிடும். அபராதம் பல மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். கார் நிறுவனமும் தன் பங்குக்குத் தனிக் கட்டணம் எடுத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்